வத்தல் குவியலுக்கு நான் போட்ட வெளிச்சம்

"ஒளி விரயம் இன்றோடு ஒழிந்தது. விளாத்திகுளத்தில் இப்படி ஒரு முயற்சி இதுவே முதல்."

என் நாட்குறிப்பில், பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இப்படி எழுதியிருக்கிறேன். அடுத்த நாள் பக்கத்தில் ஒரே வரி: "நேற்று எழுதியதை யாரும் படிக்க வேண்டாம்." (என் நாட்குறிப்பை என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை. ஆனாலும் ஒரு முன்னெச்சரிக்கை.) தேதியும் வருடமும் என்னிடம் இருக்கின்றன. வெளியே சொல்ல வேண்டாம் என்று மனைவியின் தம்பி அந்தோணி கேட்டுக்கொண்டதால் மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்தோணி விளாத்திகுளத்தில் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிறான். சுற்றுக் கிராமத்து விவசாயிகள் கொண்டுவரும் மிளகாய் வத்தலைக் கடையில் குவித்து வைப்பான். வியாபாரிகள் வந்து பார்த்து வாங்கிப்போவார்கள். எனக்கோ கோவில்பட்டியில் இன்சூரன்ஸ் அலுவலக வேலை. வத்தலுக்கும் எனக்கும் உள்ள உறவு சாப்பாட்டுத் தட்டோடு சரி. ஆனால் எதைப் படித்தாலும் அதை யார் வீட்டிலாவது செய்து பார்த்துவிட வேண்டும் என்கிற வியாதி அந்நாளில் எனக்கு முற்றியிருந்தது. என் வீட்டில் செய்ய மனைவி ஸ்டெல்லா விடமாட்டாள். மச்சினன் எதற்கு இருக்கிறான்?

அந்த மாதம் நான் படித்தது டிவித் திரைக்குள் இருக்கும் ஒரு படலத்தைப் பற்றி. விளக்கிலிருந்து வரும் ஒளி எல்லாத் திசையிலும் அதிர்ந்துகொண்டே வருகிறது. சாதாரண வடிகட்டி, ஒரு திசையில் அதிர்வதை விட்டுவிட்டு மற்றதை விழுங்கிவிடும். பாதி வெளிச்சம் வீண். இந்தப் படலம் விழுங்காது. வேண்டாததைக் கண்ணாடிபோல விளக்குக்குள்ளேயே திருப்பி அனுப்பும். அது உள்ளே இருக்கும் வெள்ளைத் தகட்டில் முட்டி மோதி, திசை கலைந்து, மறுபடி வந்து நிற்கும். இந்த முறை தேறியது வெளியே, தேறாதது மறுபடி உள்ளே. (கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் அடுத்த பந்திக்கு வந்து நிற்பதுபோல.) இப்படி வரும் வெளிச்சத்தில் கண் கூசாது, பொருளின் மேலே படியும் பளபளப்பு விலகி உள்நிறம் தெரியும் என்றும் போட்டிருந்தது. அந்த வரியை அடிக்கோடிட்டேன். அடிக்கோடிட்ட நேரத்தில் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

டிவி பழுது பார்க்கும் கடையில் சொல்லிவைத்து, உடைந்த டிவிகளிலிருந்து உரித்த படலங்களை வாங்கிக்கொண்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறி, அந்தோணி கடையில் தாழ்வாகத் தொங்கிய நான்கு விளக்குப் பெட்டிகளிலும் ஒட்டினேன். ஒட்டிய விதத்தைச் சொல்லியாக வேண்டும். படலத்துக்கு, ஒளியை வெளியே விடும் திசை என்று ஒன்று உண்டு. நான்கிலும் அது பிசகாமல் கிழமேற்காக இருக்கும்படி, கொத்தனாரின் மூலைமட்டத்தை இரவல் வாங்கி வைத்துப் பார்த்து ஒட்டினேன். வேறு எவனாவது இருந்தால் கை போன போக்கில் ஒட்டியிருப்பான். ஒன்றுக்கொன்று ஈடாகி, ஒரு கேடும் வந்திருக்காது. என் ஒழுங்குதான் வினையாகப் போயிற்று.

"நாலு லைட்டு எதுக்கு மாப்ளே, இனிமே ரெண்டு போதும்" என்று இரண்டை அணைத்தேன்.

"இருட்டா இருக்கே அத்தான்?"

"இது இருட்டு இல்ல. கூச்சமில்லாத வெளிச்சம்."

"படிச்சவிய சொல்லுதீய. சரியாத்தான் இருக்கும்" என்றான். அவனுக்கு என்மேல் மரியாதை இருந்த காலம் அது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு என் வெளிச்சத்தைப் பார்க்கப் போனேன். எதிர்பாராத கோடை மழை. ஈரம் ஏறினால் வத்தல் கறுத்துவிடும் என்று ஷட்டரை இறக்கிவிட்டு விளக்கு வெளிச்சத்தில் வியாபாரம் நடந்தது. நடுவில் நாகலாபுரத்து ராமலக்கம்மாவின் வத்தல் குவியல். அவருடைய ஒரு வருடத்துப் பாடு முழுக்க அதுதான். பார்க்க வந்தவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. அவர் ஒதுக்கிய சரக்கை விளாத்திகுளத்தில் வேறு வியாபாரி தொடமாட்டார்.

அண்ணாச்சி குவியலுக்குக் கிழக்கே நின்றார். அந்தோணி வடக்கே நின்றான். அண்ணாச்சி ஒரு கை அள்ளிக் காதோரம் குலுக்கினார். விதை கலகலவென்றது. திருப்தியாகத் தலையாட்டியவர் கீழே பார்த்ததும் முகம் மாறினார்.

"சத்தம் நல்லாத்தான் கேக்கு. மூஞ்சி செத்துல்லா கெடக்கு?"

"செத்தா? கண்ணாடி மாதிரி மின்னுது அண்ணாச்சி!"

"எங்கலே மின்னுது? போன வருசத்துச் சரக்கத் தட்டிவிட்டுட்டு மின்னுதுங்குத?"

"மாதாவே! உங்களுக்குக் கண்ணுல ஏதும் கோளாறா அண்ணாச்சி?"

வத்தலுக்கு மினுமினுப்புதான் உயிர். தோல் மின்னினால் புதுசு, மங்கினால் பழசு. அந்த வட்டாரத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த விஷயம் நான் படித்ததில் இல்லை. நான் மூலைமட்டம் வைத்து ஒரே திசையில் அதிரவிட்ட வெளிச்சம், கிழக்கே நிற்பவருக்கு மினுமினுப்பைத் துடைத்தெடுத்துவிட்டு, வடக்கே நிற்பவருக்கு அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் சத்தியத்தைத்தான் சொன்னார்கள்.

சத்தம் கேட்டு ராமலக்கம்மா வந்து அண்ணாச்சி பக்கம் நின்றார். குவியலைப் பார்த்தார்.

"ஐயய்யோ, இது என் வத்தலே இல்ல! மாத்திட்டீயளா?"

"உங்க வத்தல்தாம்க்கா! இங்கன வந்து நின்னு பாருங்க!" அந்தோணி தன் பக்கத்தைக் காட்டினான்.

அவர் வடக்கே வந்தார். "ஆமா, இதுதான் என் வத்தலு." சந்தேகத்தோடு கிழக்கே போனார். "இது இல்ல." மறுபடி வடக்கே. "இதுதான்." மூன்றாம் முறை கிழக்கே போனபோது தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இடத்தில் புத்தியுள்ளவன் வாயை மூடிக்கொண்டு படலத்தை உரித்திருப்பான். நான் விளக்கவுரையில் இறங்கினேன்.

"அண்ணாச்சி, சரக்குல குறை இல்ல. லைட்டுலதான் ஒரு விசேஷம். நேத்து நானே மாட்டினேன். இதுல பாத்தா நிறம் தனியா எடுத்துக் காட்டும்."

அண்ணாச்சி மெதுவாகத் திரும்பினார். "நிறத்த எடுத்துக் காட்டுதுக்கு லைட்டு மாட்டிருக்கீய."

"ஆமா."

"துணிக்கடையில சேலைக்கு மாட்டுவாவளே, அது மாதிரி."

"அதைவிட உசத்தி!" என்றேன் பெருமையாக.

அந்தோணி நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் மழையைத் தாண்டிக் கேட்டது. நான் இன்னும் முடிக்கவில்லை. செய்முறை இல்லாத விளக்கம் எதற்கு? மிச்சமிருந்த படலத் துண்டை அண்ணாச்சியின் கண்ணுக்கு நேரே பிடித்து, "இப்ப லைட்டப் பாருங்க" என்று சொல்லி, குறுக்காகத் திருப்பினேன். திருப்பியதும் அவருக்கு விளக்கு மறைந்து, அந்த இடத்தில் அவர் முகமே தெரிந்திருக்கிறது.

"ஏய்! லைட்டக் காணும்! என் மூஞ்சில்லா தெரியுது!" என்று பின்னால் நகர்ந்து, வத்தல் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்து வேட்டியைத் தட்டியவர், "ஏல அந்தோணி, உங்க அப்பா காலத்துலருந்து வாரேன். இப்படி மாயவேலை பண்ணி யாவாரம் செய்வன்னு நெனைக்கலலே" என்று சொல்லிவிட்டு, ஷட்டரைத் தூக்கி மழையில் இறங்கினார்.

அந்தோணி மூட்டைகள்மேல் ஏறி நான்கு படலங்களையும் கிழித்தெறிந்தான். அணைந்திருந்த விளக்குகளைப் போட்டான். மூட்டைகள் சரிந்து நெடி கிளம்பியது. என் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது.

"அழாதீங்க சார். தெரியாம செஞ்சிட்டீய" என்றார் ராமலக்கம்மா. (நான் அழவில்லை. நெடிதான். இதை இன்றுவரை யாரும் நம்பவில்லை.) சொல்லிவிட்டு அவர் குவியலைப் பார்த்தார். கிழக்கே போய்ப் பார்த்தார். வடக்கே வந்து பார்த்தார். உடனே ஒரு கை வத்தலை முந்தானையில் முடிந்துகொண்டு மழையில் ஓடினார். அண்ணாச்சி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒதுங்கியிருந்தாராம். "லைட்டு போச்சு அண்ணாச்சி. இப்ப வந்து பாருங்க. அப்பவும் செத்துக் கெடந்தா நானே அள்ளிட்டுப் போயிருதேன்" என்று கையோடு கூட்டிவந்துவிட்டார்.

அண்ணாச்சி கோயில் பிரகாரம் சுற்றுவதுபோல, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குவியலைச் சுற்றினார். ஒருதரம் நின்று விளக்கை அண்ணாந்து பார்த்தார். இன்னொரு சுற்று வந்தார். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே அந்தோணியிடம் சொன்னார்: "எடையப் போடு. சாரை மட்டும் வெளிய நிக்கச் சொல்லு."

மழையில் நின்றேன்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எதற்கும் விவாதம் முற்றுவதில்லை. குழம்பில் உப்பு போதவில்லை என்று நான் சொன்னால், ஸ்டெல்லா நிமிராமலே, "இங்கேருங்க, நீங்க நிக்குற பக்கம் சரியில்ல. வடக்க வந்து சாப்பிடுங்க" என்பாள். அந்தோணி கடையில் பல்பு மாற்றுவதாக இருந்தால்கூட முதலில் நான் ஊரில் இல்லை என்பதை விசாரித்துக்கொள்கிறான்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. இப்போது விளாத்திகுளத்தில் வத்தல் பார்க்க வரும் வியாபாரிகள் பலர், விலை பேசும் முன் குவியலை ஒரு சுற்று சுற்றுகிறார்கள். ஏன் என்றால், "அப்படித்தான் பாக்கணும்" என்கிறார்கள். இந்த வழக்கம் அந்தப் பங்குனி மாதத்துத் திங்கட்கிழமை என்னால் தொடங்கியது என்பது என் கட்சி. அதற்கு முன்பே சுற்றிக்கொண்டுதான் இருந்தார்கள், நான்தான் பார்த்ததில்லை என்கிறான் அந்தோணி. சங்கரலிங்கம் அண்ணாச்சியிடமே கேட்டேன். "ஞாபகம் இல்ல சார்" என்றார், குவியலைச் சுற்றிக்கொண்டே. ஆகவே இது இன்னும் உறுதிசெய்யப்படாத தகவல்.