எல்ம் மரம் விழுந்துவிட்டதாம்

அப்பாவை வாதத்தில் வீழ்த்தாமல் பல்கலைக்கழகத்துக்குத் திரும்புவதில்லை. இந்தச் சபதத்தோடுதான் ஏப்ரலில் வீட்டுக்கு வந்தேன்.

விஷயம் காளான். எங்கள் மிசௌரி மாநிலத்தில், வசந்தத்தில் சில வாரமே கிடைக்கும் மோரல் என்ற காட்டுக் காளான் முளைக்கும் இடத்தை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. பாவமன்னிப்புக் கேட்கும்போது பாதிரியாரிடம்கூடச் சொல்வதில்லை. சரி, தொலையட்டும். ஆனால் அப்பாவுக்குக் குளிர்காலத்தில் மாரடைப்பு வந்துபோனது. அந்தக் காட்டில் செல்போனும் எடுக்காது. தனியாகப் போய் விழுந்து கிடந்தால் எங்கே என்று தேடுவது?

"இடத்தை மட்டும் சொல்லுங்கப்பா. ஒரு காளான்கூடத் தொட மாட்டோம்."

"உனக்கு ஒருநாள் சொல்வேன், ஜோலீன்."

"அம்மாவுக்கு?"

"உங்கம்மா கன்சாஸ்காரி."

கல்யாணமாகி இத்தனை காலம்! பக்கத்து மாநிலத்தில் பிறந்தது ஒரு குற்றமா?

இதே அப்பாதான் யார் எதைச் சொன்னாலும், "நான் மிசௌரிக்காரன். கண்ணால காட்டு!" என்பார். எங்கள் ஊர்ச் சொல் அது. வாய்ப்பேச்சு செல்லாது, ஆதாரம் வேண்டும் என்று அர்த்தம். இதயத்தில் அடைப்பு என்று சொன்ன டாக்டரிடமும் அதைத்தான் சொன்னார். பாவம் அந்த மனிதர், படம் எடுத்துக் காட்டினார்.

விடுவேனா? "ஊரையெல்லாம் ஆதாரம் கேக்குறீங்களே, உங்க இடத்துக்கு ஆதாரம் எங்கே?"

"வெண்ணெய்ல வறுத்துத் தட்டுல போட்டேனே, தின்னியே. அதான்."

என் தர்க்கசாஸ்திரம் தட்டோடு கழுவப்பட்டது.

மறுநாள் காலை. அம்மா காபி ஊற்றிக்கொண்டே சாவகாசமாகச் சொன்னாள்:

"வெர்லின், போன வாரப் புயல்ல உன் எல்ம் மரம் விழுந்துடுச்சாமே."

அப்பாவின் கரண்டி நின்றது. "எந்த எல்ம்?"

"அதான், உன் பட்டுப்போன எல்ம். வேரோட சாஞ்சிடுச்சாம். இனிமே அங்க காளானே வராதாம்."

"யாரு சொன்னா?"

"பேசிக்கிட்டாங்க."

"பேசுவாங்க, பேசுவாங்க! நான் மிசௌரிக்காரன். கண்ணால காட்டு!"

"வா, போய்ப் பாக்கலாம்."

அப்பா சாவியைப் பிடுங்கினார். நாங்கள் வண்டியில் ஏறியதைக்கூட அவர் கவனித்தாரா தெரியாது. ஓடைப் பாலத்தைத் தாண்டி, பழைய சுண்ணாம்புச் சூளைக்குப் பின்னால் நிறுத்தி, மூச்சு வாங்க மேட்டில் ஏறினார். மரம் நிமிர்ந்து நின்றது. அடியில் தேன்கூடு தேன்கூடாகக் காளான்.

"பாத்தியா? நிக்குதா இல்லையா? எங்கடி உன் ஆதாரம்?"

"நிக்குதுதான்," என்றாள் அம்மா. "ஜோலீன், வழியைப் பாத்துக்கிட்டியா?"

அப்போதுதான் கவனித்தேன். அம்மா காபி ஊற்றும்போதே காட்டுக்குப் போடும் பூட்ஸ் போட்டிருந்தாள்.

அப்பா மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாக, "எல்ம்னு உனக்கு யாரு சொன்னது?" என்றார்.

"யாரும் சொல்லல. மோரல் பட்ட எல்ம் அடியிலதான் நெறைய வரும்னு ஊருக்கே தெரியும். பட்ட எல்ம் இல்லாத காளான்காரன் இந்தப் பக்கம் எவன் இருக்கான்?" அம்மா அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள். "உனக்குத்தான் எல்லாத்தையும் காட்டணும்னு நெனச்சிட்டிருந்தேன் வெர்லின். கேக்காமலே நீயும் நல்லாத்தான் காட்டுற."