ஒன்பது சதவீதத்தில் ஒரு பிரசவப் பயணம்

அன்புள்ள தம்பி அரங்கநாதனுக்கு,

கரியாலூரிலிருந்து அக்கா கமலா. நான் நலம். நீ தேர்ந்தெடுத்துக் கொடுத்த மின்சாரக் கார் நலம் என்று எழுத மனம் வரவில்லை.

நான் பெரிய பேட்டரி கேட்டேன். "விலையும் ஜாஸ்தி, எடையும் ஜாஸ்தி, இதுவே இருநூறு கிலோமீட்டர் போகும்க்கா" என்றாய். மலையில் எனக்கு நூற்றிருபதுதான் கிடைக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை அதுவும் இல்லை. இரவெல்லாம் சார்ஜில் கிடந்த வண்டி ஒன்பது சதவீதம் காட்டியது. அப்போதுதான் பக்கத்து வீட்டு சின்னதுரை ஓடிவந்தார். மனைவி இருசம்மாளுக்கு வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் வேறொரு பிரசவத்துக்குப் போயிருந்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர், பதினொன்றுதான் ஓடும் என்றது திரை. இறக்கம்தானே என்று துணிந்தேன். இருசம்மாளோடு சின்னதுரை, மாமியார் ராஜாம்பாள், கொழுந்தன் சடையன், ஒரு மூட்டை சாமை, ஒரு கோழி எல்லாம் ஏறின. முதல் வளைவிலேயே சின்னதுரை கதவைத் திறக்கப் பார்த்தார்.

"பாரம் கம்மியானா தூரம் ஓடுங்க டீச்சர். நாங்க எறங்கிக்கிறோம்."

"உட்காருங்க. இறக்கத்துல பாரம் இருந்தாத்தான் பிரேக் போடப்போட சார்ஜ் ஏறும். அடிவாரத்துல இறங்குங்க."

"எறங்கறப்ப சார்ஜ் ஏறுமா?" ராஜாம்பாள் கோழியை இறுக்கிக்கொண்டார். "படிச்சவங்க பேசற பேச்சா இது?"

இருபது ஆண்டுகளாக இயற்பியல் நடத்துகிறேன். அன்றுதான் அதை நம்ப வேண்டியிருந்தது.

சடையன் திரையில் சதவீத எண்ணை உரக்கப் படித்துக்கொண்டே வந்தான். பத்து, பதினொன்று. நடுவில் ஒரு மேடு இரண்டைப் பிடுங்கியது. இருசம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, "நீ சும்மா இருப்பா, டீச்சர ரோட்ட பாக்க வுடு" என்றாள்.

அடிவாரத்தில் பன்னிரண்டு சதவீதம். அண்ணன் தம்பியும் மூட்டையும் கோழியும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டார்கள். ராஜாம்பாள் இறங்கவில்லை. "நான் இன்னா மூட்டையா?"

ஏசியை அணைத்துவிட்டு ஒரு கரும்பு டிராக்டரின் பின்னாலேயே ஊர்ந்தேன். முந்தினால் சார்ஜ் போய்விடும். நான்கு சதவீதத்தில், இனி மெதுவாகத்தான் ஓடும் என்று திரையில் ஆமைப் படம் வந்தது. இருசம்மாளின் முனகல் கூடிக்கொண்டே போனது. ஒன்று காட்டியபோது ஆஸ்பத்திரி வாசல். வண்டி அங்கேயே நின்றுவிட்டது. இருபது நிமிடத்தில் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். வண்டியை அங்கேயே விட்டு பஸ்ஸில் திரும்பினேன்.

இந்த டப்பாவை உடனே விற்றுவிடு. ஜெயம்மாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. நீண்ட ஆயுளும் நெடுந்தூரம் ஓடும் வண்டியும் உங்களுக்கு வாய்க்கட்டும்.

அக்கா,
கமலா

பி.கு.: உறையை ஒட்டுமுன் கெட்டிலில் வெந்நீர் வைக்கப் போனேன். வீட்டில் பெரிய பிளக் ஒன்றுதான். அதில் அறையைச் சூடாக்கும் ஹீட்டர் மாட்டியிருந்தது. கார் வயரின் முனை தரையில் கிடந்தது. குளிர்கிறதே என்று திங்கள் இரவு மாற்றியது நான்தான். காரை விற்க வேண்டாம். இன்னொரு பிளக் வைக்க ஆள் அனுப்பு. சின்னதுரைக்குத் தெரிய வேண்டியதில்லை.