தொட்டியில் மிதந்த தலைவர்

என்ன ஆனாலும் சரி, சிறுவாச்சூரில் மட்டும் உருளுவதில்லை என்று வைரக்கண்ணு முடிவு கட்டிவிட்டார்.

மீன்சுருட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரர் அவர். ஊர்ப் பால் சங்கத்துக்குத் தலைவர். எண்பத்து மூன்றாம் வருடம் ஐப்பசியில் அவருக்கு விஷக்காய்ச்சல் வந்து, ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரியில் கண் சொருகிக் கிடந்தார். பிழைப்பாரா என்று டாக்டரே யோசித்த நேரத்தில், அவர் மனைவி அம்சவள்ளி வராந்தாவில் நின்றபடி சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். மனுசன் எழுந்து உட்கார்ந்தால் உன் பிராகாரத்தை உருண்டு சுற்றச் சொல்கிறேன், தாயே.

மனுசன் எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சாப்பிட ஆரம்பித்தார். காய்ச்சலில் போன சதையெல்லாம் பொங்கலுக்குள் திரும்பி வந்துவிட்டது, கூடவே சொந்தக்காரர்களையும் அழைத்துக்கொண்டு. சட்டைப் பித்தான்கள் ஒவ்வொன்றாக ராஜினாமா செய்தன.

"பங்குனி பொறந்துடுச்சு. வர்ற திங்கக்கெழம போயிட்டு வந்துடலாமாங்க?" என்றாள் அம்சவள்ளி.

"வேண்டிக்கிட்டது நீ. உருளறது நானா?"

"காய்ச்ச வந்தது யாருக்கு?"

கண்ணை மூடினால் அவருக்கு ஒரு காட்சி வந்தது. ஈரவேட்டியோடு தலைவர் தரையில் கிடக்கிறார். தொந்தி முதலில் புரள்கிறது, தலைவர் பின்னால் போகிறார். அரியலூர் மாட்டுத்தீவன வியாபாரியிலிருந்து பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் வரைக்கும் நின்று பார்க்கிறார்கள். அதற்கப்புறம் சங்கத்தில் எந்த முகத்தோடு, பாலில் தண்ணீர் கலக்காதே என்று சொல்வது?

மறுநாள் காலையில் கட்டிலைவிட்டு எழுந்தவர் பாதியிலேயே நின்றுவிட்டார். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

"என்னாங்க?"

"புடிச்சிக்கிச்சு புள்ள. இடுப்பு."

அம்சவள்ளி பதறித்தான் போனாள். நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். நொச்சித்தழை ஒத்தடம் கொடுத்தாள். மூன்று நாள் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போவம், ஒரு ஊசி போட்டாச் சரியாயிடும்" என்றாள். வைரக்கண்ணுவுக்கு உருளுவதைவிட ஊசி பயம். அரியலூரில் யாரோ இயற்கை வைத்தியர் முகாம் போட்டிருக்கிறார், மருந்தும் கிடையாது ஊசியும் கிடையாது என்று சங்கத்தில் பேசிக்கொண்டது நல்ல நேரத்தில் ஞாபகம் வந்தது.

அந்த வைத்தியர் பெயர் சிவசுப்பிரமணியன். காற்றடித்தால் சாய்ந்துவிடும் உடம்பு. தலைவரின் முதுகில் ஒரு இடத்தை அழுத்தினார்.

"இங்க வலிக்குதுங்களா?"

"ஆமாங்க."

"இங்க?"

"அங்கயுந்தான்."

"இங்க?"

"அங்கதான் ரொம்பங்க."

மூன்றாவதாக அவர் அழுத்தியது கட்டில் சட்டத்தை. கையை எடுத்துவிட்டு அம்சவள்ளியைப் பார்த்துச் சொன்னார்: "இது எலும்பு சமாச்சாரம் இல்லம்மா. உள்ளுக்குள்ள எதையோ இறுக்கிப் புடிச்சிக்கிட்டு இருக்காரு. அத வுட்டாச் சரியாயிடும்."

பின்கட்டில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. இடுப்பளவு வெதுவெதுப்பான தண்ணீர். அதில் அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, பிடரிக்குக் கீழே ஒரு கை, இடுப்புக்குக் கீழே ஒரு கை கொடுத்து, வைத்தியர் மெல்லப் பின்னால் நடந்தார். நடக்க நடக்க வைரக்கண்ணுவின் உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாழைமட்டை மாதிரி அசைந்தது. பிறகு தோளைப் பிசைந்தார், கையைப் பிடித்து நீளமாக இழுத்து விட்டார், மறுபடியும் ஆட்டினார். தலைவருக்குக் கனம் என்பதே இல்லாமல் போயிற்று. தொந்திகூட யாருடையதோ மாதிரி தள்ளி மிதந்தது. நடிக்க வந்தவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தொட்டித் தண்ணீர் என்று துடைத்துக்கொண்டார்.

"வூட்ல தொட்டி இருந்தா நீங்களே செய்யலாம்மா" என்றார் வைத்தியர். "தண்ணி ஒடம்புச் சூட்டுல இருக்கணும். அவசரப்படக் கூடாது. தூங்குனாத் தூங்கட்டும்."

வீட்டில் தொட்டி இருந்தது. கொல்லையில் பம்புசெட்டுக்கு முன்னால் நல்ல விசாலமான தொட்டி. அம்சவள்ளி நெல் அவிக்கிற அண்டாவில் தண்ணீர் காய வைத்து, குடம் குடமாகச் சுமந்து ஊற்றி விளாவுவாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கி, "வாங்க" என்பாள். தலைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகியபடி வந்து படுப்பார். அவள் கை பிடரியில் பட்ட மாத்திரத்தில் முனகல் நின்றுவிடும்.

கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் தலையை அவள் இவ்வளவு நேரம் கையில் வைத்திருந்ததே இல்லை. மாடு, வயல், சங்கம், அவள் தம்பியின் ஆண்டிமடம் முந்திரிக்காடு என்று ஓடியதில், இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் சும்மா இருந்த பொழுதே கிடையாது.

"கை வலிக்கலியா புள்ள?" என்று ஒருநாள் கேட்டார்.

"தண்ணிக்குள்ள நீங்க ஒரு பூசணிக்கா கனந்தான். கண்ண மூடுங்க."

மூடினால் போதும், தூக்கம் வந்துவிடும்.

பக்கத்து வயல் பொன்னுத்தாய் அம்சவள்ளிக்குச் சித்தப்பா மகள், அந்த உரிமையில் வைரக்கண்ணுவை மாமா என்று கேலி செய்கிறவள். புல்லறுக்க வந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"என்னாக்கா, மாமாவ ஊறப் போட்டுருக்க? எப்ப அரைக்கப் போற?"

"இடுப்பு வலிடி அவருக்கு."

"எந்தப் பக்கம்? காலைல சங்கத்துக்குப் போறப்ப சோத்தாங்கைப் பக்கம் சாஞ்சி போனாரு. வர்றப்ப பீச்சாங்கைப் பக்கம் சாஞ்சி வந்தாரு."

"வலி எடம் மாறும்" என்றார் தலைவர், கண்ணைத் திறக்காமலே.

இப்படியே பங்குனி பாதி கழிந்தது. திங்கட்கிழமைகள் வந்தன, போயின. சிறுவாச்சூர்ப் பேச்சே எழவில்லை. பொய் சொன்ன புண்ணியத்தில் இப்படி ஒரு சுகம் கிடைக்குமென்றால், உண்மை பேசுகிறவர்களை நினைத்து அவருக்குப் பாவமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு போட்டுக்கொண்டே அம்சவள்ளி சொன்னாள்: "நாளைக்கு சிறுவாச்சூர் போறம்ங்க."

தலைவரின் கை இடுப்புக்குப் போனது.

"நீங்க ஒண்ணும் உருள வேணாம். கோயில்ல கேட்டுட்டு வரச் சொல்லியிருந்தன். ஒடம்புக்கு முடியலன்னா பொண்டாட்டி உருளலாமாம். நான் உருண்டுடறேன். நீங்க பையப் புடிச்சிக்கிட்டு நின்னாப் போதும்."

அவருக்குச் சந்தோஷத்தில் புரையேறியது. "அப்ப செரி. அம்மனே ஒத்துக்கிட்டா நான் என்னா சொல்றது" என்று சொல்லிவிட்டு, ரசத்துக்கு இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை கோயிலில் கால் வைக்க இடமில்லை. வெயிலுக்குப் பிராகாரக் கல் கொதித்தது. அம்சவள்ளி குழாயடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். பையை அவரிடம் நீட்டினாள். அப்போதுதான் அவர் அந்தக் கையைப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவந்து, ஒரு இடத்தில் கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது.

"என்னா புள்ள இது?"

"அண்டாத் தண்ணி தெறிச்சிச்சு. போன வாரமே."

போன வாரம் பூராவும் அந்தக் கை அவர் பிடரியில்தான் இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அம்சவள்ளி சன்னதியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மண்டியிட்டாள். சூட்டுக்கு முழங்காலை ஒருமுறை எடுத்து வைத்தாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அவரால் பையைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"எந்திரி புள்ள."

"ஏங்க? ஒங்க இடுப்பு..."

"இடுப்பு கெடக்கு. எந்திரி."

சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். ஒரு குடம் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கையைக் கூப்பிக்கொண்டு படுத்தார். உருண்டார். நினைத்தபடியேதான் இருந்தது. தொந்தி முதலில் போனது, அவர் பின்னால் போனார். முதல் திருப்பத்திலேயே ஒரு குரல் கேட்டது: "அட, நம்ம தலைவரு." சாட்சாத் அந்த அரியலூர்த் தீவன வியாபாரி கண்ணையன்தான். வைரக்கண்ணு கண்ணை இறுக மூடிக்கொண்டார். சிரிப்புச் சத்தம் வரவில்லை. முதுகுக்குக் கீழே கல் குளிர்ந்தது. திறந்து பார்த்தால், கண்ணையன் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார். பின்னால் அம்சவள்ளி, அவர் வழி விலகிப் போகாமல் காலைப் பிடித்துத் திருப்பி விட்டுக்கொண்டே வந்தாள்.

ஒரு சுற்று முடிந்ததும் தலைவர் துள்ளி எழுந்தார். எழுந்த பிறகுதான் ஞாபகம் வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்தது. பெரம்பலூர் தாண்டியதும் வைரக்கண்ணு மெல்ல ஆரம்பித்தார்.

"அவ்வளவு வலியோட உருண்டன் புள்ள. ஒனக்காவத்தான்."

"தெரியுங்க."

"உசுரே போயிடுச்சு."

"தொந்திய நெனச்சு வெக்கப்பட்டீங்களே, யாராச்சும் சிரிச்சாங்களா?"

தலைவர் திரும்பிப் பார்த்தார். தொந்தி விஷயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"ஒனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதான். தொட்டியில." அம்சவள்ளி வேர்க்கடலையை உரித்து அவர் கையில் வைத்தாள். "கண்ண மூடிக் கொஞ்ச நேரம் ஆட்டுனா, கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்றீங்க. வலி எப்பலேருந்துன்னு கேட்டன். வலியே இல்லன்னீங்க. அப்பறம் ஏன் இந்தக் கூத்துன்னு கேட்டன். இந்தத் தொந்திய வச்சிக்கிட்டு எப்புடி உருளறதுன்னீங்க."

வைரக்கண்ணு கடலையை அவள் கையிலேயே திருப்பி வைத்தார்.

"அப்ப நீ உருளறன்னு சொன்னது?"

"நான் உருண்டாப் பாத்துக்கிட்டு நிப்பீங்களான்னு அதையுங் கேட்டுட்டன். நிக்க மாட்டேன்னீங்க." கடலைத் தோலை ஜன்னலுக்கு வெளியே உதறினாள். "ஆஸ்பத்திரி வராந்தாவுல நான் அழுதத அந்தக் காய்ச்சல்லயும் கட்டில்லேருந்து பாத்தீங்களாமே. இத்தன நாளா ஒரு வார்த்த சொல்லல. அதுக்காவத்தான் தெனம் தண்ணி காய வச்சன். இல்லன்னா அன்னிக்கே அண்டாவோட ஒங்க தலையில கவுத்திருப்பன்."

அவர் அந்தச் சிவந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அரியலூர் வரும் வரைக்கும் விடவில்லை. அங்கே பஸ் நின்றபோது மெதுவாகக் கேட்டார்: "வேற யாருக்கும் தெரியாதுல்ல?"

"பொன்னுத்தாயி வரப்புல புல்லறுத்துக்கிட்டு இருந்தா."

செவ்வாய்க்கிழமை காலையில் கட்டிலைவிட்டு எழுந்த வைரக்கண்ணு பாதியிலேயே நின்றுவிட்டார். இந்த முறை நிஜமாகவே பிடித்துக்கொண்டது. கல்லில் உருண்ட உருளலுக்கு வலது பக்கம் மட்டும், இடம் மாறாமல், சுளீர் சுளீரென்று வலித்தது. தொட்டியில் மிதந்தால் சரியாகிவிடும். ஆனால் மிதந்தால் வாய் திறந்துகொள்ளும். அவள் தம்பி, அந்த ஆண்டிமடம் மச்சானைப் பற்றி அவர் மனதில் என்னென்னவோ இருந்தது.

அண்டாவை அவளைத் தொட விடவில்லை. வெயில் ஏறித் தொட்டித் தண்ணீர் தானாகச் சுடும் வரை காத்திருந்து, துண்டை மோவாயோடு சேர்த்து உச்சந்தலையில் இறுக்க முடிச்சுப் போட்டுக்கொண்டு தொட்டிக்கு வந்தார். அம்சவள்ளி முடிச்சைப் பார்த்துவிட்டுத் தொட்டியில் இறங்கினாள். படுக்க வைத்தாள். பிடரிக்குக் கீழே கையைக் கொடுத்தாள். மெல்ல ஆட்டினாள். அவர் கண் சொருகுகிற நேரத்தில் காதருகே குனிந்தாள்.

"வாயத் தொறக்க வேணாங்க. ஆமா, இல்லன்னு தலைய மட்டும் ஆட்டுங்க. தலை என் கையிலதான இருக்கு."