அவசர நிதியும் என் இரண்டு வாக்குகளும்

அறிக்கை எழுதுவதில் நான் பெரிய கெட்டிக்காரன் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். அந்த நினைப்புத்தான் என்னைக் கவிழ்த்தது.

லண்டன் ஹரோவில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் சங்கத்துக்கு எட்டு வருடமாக நான்தான் செயலாளர். (ஆண்டறிக்கையை முக்கால் மணி நேரம் வாசிப்பேன். ஆட்கள் கண்ணை மூடி ரசிக்கிறார்கள் என்று நம்பியிருந்தேன்.) கொரோனா நேரம், சங்கங்கள் பாதுகாப்பாகத் தேர்தல் நடத்த உள்ளூர் நகரசபைக் கவுன்சில் அவசர நிதி தருவதாகக் கேள்விப்பட்டு, விழுந்தடித்து விண்ணப்பித்தேன். கிடைத்தும்விட்டது. பிளாஸ்டிக் தடுப்புகள், வாக்குப்பெட்டி, ஆளுக்கொரு பென்சில் எல்லாம் வந்து இறங்கின.

ஆனால் எங்கள் ஆட்கள் போட்டி போட மாட்டார்கள். ஒருவர் பெயரைச் சொல்ல, இன்னொருவர் வழிமொழிய, மற்றவர்கள் கைதட்ட, பத்து நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும். போட்டி என்று வந்தால் பிறகு கல்யாண வீடுகளில் முகம் பார்க்க முடியாதே. அந்த முறையும் அப்படித்தான் தெரிவானோம். வாக்குப்பெட்டியை யாரும் தொடவேயில்லை.

ஒரு மாதம் கழித்து அறிக்கைப் படிவம் வந்தது. ‘எத்தனை பேர் வாக்களித்தார்கள்? புகைப்படம் இணைக்கவும்.’ நிதியைத் தேர்தலுக்குப் பயன்படுத்தியதைக் காட்டாவிட்டால் முழுவதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். தவணை மூன்று கிழமை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே தலைவருக்குப் போன் எடுத்தேன்.

“அண்ணை, ஒரு பதவிக்காவது தேர்தல் வைக்கோணும்.”

“வையும். என்ரை பதவியிலை கை வையாதையும்.”

ஆக, மிஞ்சியது என் பதவி. எதிர்த்து நிற்க நம்பகமான ஆள் வேண்டும். மனைவி சுகந்தியிடம் போனேன்.

“நீர் பேருக்கு நிண்டால் காணும். ஆரும் உமக்குப் போடமாட்டினம்.”

“அப்ப ஏன் நான் நிக்கோணும்?”

“படிவத்துக்கு.”

அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, “ஓம், நிக்கிறன்” என்றாள். அந்தப் பார்வையிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். (மடையனுக்கு விளங்கவில்லை.)

தேர்தலன்று பள்ளி மண்டபத்தில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. பூரித்துப்போய் ஓடி ஓடிப் படம் பிடித்தேன். அறுபத்துமூன்று பேர் வாக்களித்தார்கள். எண்ணி முடித்தபோது சுகந்திக்கு அறுபத்தொன்று, எனக்கு இரண்டு.

படம் பிடித்த போனைச் சட்டைப் பைக்குள் வைத்தேன். தலைவர் மெல்லக் கிட்ட வந்தார்.

“குறை நினையாதையும் தம்பி. கைதட்டேக்கை ஆர் என்ன நினைக்கினம் எண்டு தெரியாதுதானே.”

அறிக்கையில் கையெழுத்து வைத்தது புதிய செயலாளர். ‘இந்த நிதியால் ஏற்பட்ட மாற்றம் என்ன?’ என்ற இடத்தில் சுகந்தி ஒரே வரி எழுதினாள்: ‘எட்டு வருடங்களுக்குப் பிறகு செயலாளர் மாறினார்.’ எதிர்க்கேள்வி ஒன்றும் வராமல் அறிக்கை ஏற்கப்பட்டது.

இன்றும் வீட்டில் நான் எதையாவது தீர்மானமாகச் சொன்னால், “அப்பா, வோட்டுக்கு விடுவமா?” என்று மகள் கேட்கிறாள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்த இரண்டு வாக்கில் ஒன்று நானே போட்டது. மற்றதைத் தாங்கள்தான் போட்டதாக இதுவரை பதினொரு பேர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் சொன்னது சுகந்தி.