குயீன்ஸ் கிழக்கு, பஃபலோ மேற்கு

அஜின்கோர்ட், ரொறன்ரோ
21.10.1996

மதிப்புக்குரிய தியாகலிங்கம் அத்தானுக்கு,

மைத்துனன் ஸ்ரீஸ்கந்தராசா எழுதிக்கொள்வது. கொழும்பு லொட்ஜ் அறையில் நீங்கள் உடல்நலத்தோடு இருப்பீர்கள் என நினைக்கிறேன். இங்கு எல்லோரும் சுகம். அக்காவின் அமெரிக்கக் குடியுரிமை மட்டும் வெள்ளிக்கிழமை கிடைக்கவில்லை. பதற வேண்டாம். எல்லாம் என் கையில் இருக்கிறது.

சனிக்கிழமை, பெரியபிள்ளையான மகள் நிரூபாவுக்குச் சாமத்தியச் சடங்கு. ஆலத்தி எடுக்க மாமியான அக்கா வேண்டாமா? அக்கா நியூயோர்க்கிலிருந்து புதன்கிழமையே வந்துவிட்டா. ஆனால் வெள்ளி காலை பிரூக்ளின் பெடரல் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்ய வரும்படி அவவுக்குக் கடிதம். இரவு பஸ்ஸில் போய், சத்தியம் செய்துவிட்டு, சனி விடிய வந்து இறங்கப் போவதாகச் சொன்னா. எதற்கு இந்த அலைச்சல்? கனடாவில் பெடரல் நீதிமன்றம் நாடு முழுக்க ஒன்றுதான், என் அகதி வழக்கை எந்த ஊர் நீதிமன்றக் கந்தோரிலும் கொடுத்திருக்கலாம். அமெரிக்கா எங்களைவிட முன்னேறிய நாடு, அங்கே இன்னும் சுகமாகத்தானே இருக்கும்? பஃபலோவும் நியூயோர்க் மாநிலம், இங்கிருந்து இரண்டு மணித்தியால ஓட்டம். "தம்பி, கடிதத்திலை பிரூக்ளின் எண்டெல்லோ கிடக்கு" என்று அக்கா கேட்டா. அது சும்மா எழுதுவது என்று சொல்லி, வெள்ளி விடிய என் வான் வண்டியில் ஏற்றினேன்.

பஃபலோ நீதிமன்றத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டி எனக்குப் பாடம் நடத்தினா. நாடு முழுக்கத் தொண்ணூற்று நாலு நீதிமன்ற மாவட்டமாம். சின்ன மாநிலமென்றால் முழுவதும் ஒரே மாவட்டமாம், நியூயோர்க்கையோ நாலு திசைக்கும் நாலாகப் பிரித்திருக்கிறார்களாம். பஃபலோ மேற்கு, அக்கா இருக்கிற குயீன்ஸ் கிழக்கு, கிழக்குக்காரி மேற்கில் சத்தியம் செய்ய ஏலாதாம். மான்ஹட்டனிலிருந்து பாலம் கடந்து பிரூக்ளினுக்குப் போனால் தெற்கு முடிந்து கிழக்காம்! யாழ்ப்பாண மாவட்டக் கச்சேரிக் கந்தோரில் பதினொரு வருடம் குப்பை கொட்டினவன் நான், எனக்கே மாவட்டம் படிப்பிக்கிறா. ஒரே கொடி, ஒரே சத்தியம், வாயைத் திறந்து சொல்ல எந்தத் திசையாய் இருந்தால் என்ன என்று கேட்டேன். காவலாளி வந்து வாசலைக் காட்டினான்.

திரும்பும்போது அக்கா எல்லை தாண்டும்வரை அந்த நீதிமன்றக் கடிதத்தையே வாசித்துக்கொண்டு வந்தா. பிறகு, "சிற்றிசன் ஆனால்தான் அவரைக் கெதியாக் கூப்பிடலாம். மூண்டு வரியமா அந்த அறையிலை இருக்கிறார், தம்பி" என்றா.

ஆனாலும் வழி கண்டுவிட்டேன். பஃபலோவில் என் சிநேகிதன் கஸ்பரின் வீட்டில் ஓர் அறை இருக்கிறது. அக்கா அங்கே குடிபெயர்ந்தால் மேற்கு மாவட்டத்துக்காரி ஆகிவிடுவா. யோசித்துச் சொல்வதாக நேற்று பஸ் ஏறியிருக்கிறா. நீங்களும் இரண்டு வரி எழுதிச் சம்மதிக்க வையுங்கள்.

நிரூபாவுக்கு உங்கள் ஆசியை வேண்டி,
உங்கள் நன்மையே நினைக்கும்,
ஸ்ரீஸ்கந்தராசா

பி.கு. முத்திரை வாங்க மறந்து கடிதம் பத்து நாள் மேசையில் கிடந்துவிட்டது. அக்காவுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். இப்போதுதான் போன் எடுத்தா. போன உடனேயே பிரூக்ளினில் நேரில் கேட்டு, அடுத்த பட்டியலில் பெயர் பதிந்து, நேற்றுச் சத்தியம் செய்துவிட்டாவாம். உங்களைக் கூப்பிடும் விண்ணப்பத்தையும் தானே நிரப்பி அனுப்பிவிட்டாவாம். அத்தான், நான் அழுதுவிட்டேன். விசா வந்ததும் ரொறன்ரோவுக்கு டிக்கெட் எடுங்கள், நானே என் வானில் நியூயோர்க்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்று உங்களுக்குச் சொல்லும்படி சொன்னேன். போனை வைத்துவிட்டா.