என் பெயரில் கொடுத்த களை மிஷின்

வேளாண் அலுவலக அதிகாரி அவர்களே, நீங்கள் என்னை மேடையில் ஏற்றி ஏமாற்றினீர்கள். ஏமாந்ததில் என் பங்கும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு உங்களிடம் வருகிறேன்.

எனக்கு ஊர் கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலை. காலனியில் வீடு, ஒன்றரை ஏக்கர் நிலக்கடலைக் கொல்லை. குனிந்து குனிந்து களை வெட்டியே என் மனைவி செல்விக்கு இடுப்பு போய்விட்டது. இனிமேல் குனியவே கூடாது என்றார் டாக்டர். (களைக்கு அதை யார் சொல்வது?) எங்களைப் போன்ற சிறு விவசாயிகளுக்கு, அதிலும் பட்டியல் சாதிக்காரர்களுக்கு, களையெடுக்கும் மிஷின் வாங்கக் கூடுதல் மானியம் உண்டு என்றார்கள். என் பங்குத் தொகையைக் கட்டினேன். சிறு விவசாயி என்று சான்று வாங்க மூன்று மாதம் அலைந்தேன். என்னைப் பார்த்தாலே தெரியும். கையெழுத்து போடுகிறவர் தலையை நிமிர்த்தினால்தானே பார்ப்பதற்கு.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பௌர்ணமியன்று, கிரிவலப் பாதை ஓரத்தில் ஒரு மண்டபத்தில் விழா. மேடையில் சிவப்பு மிஷின். அதன் கைப்பிடியை நீங்கள்தான் என் கையில் கொடுத்தீர்கள். சிரிக்கச் சொன்னார்கள், இருக்கிற பல்லையெல்லாம் காட்டினேன். போட்டோ எடுத்தார்கள், கைதட்டினார்கள், சாப்பிடப் போய்விட்டார்கள். கையில் கொடுத்தால் கொடுத்ததுதான் என்று நினைத்தேன். (எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. விவரம் தெரியாத வயது.) பலகை போட்டு மிஷினைக் கீழே இறக்கி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, பாட்டிலில் கொண்டுபோன பெட்ரோலை ஊற்றி, வீட்டைப் பார்க்க ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பாதை முழுக்கக் கிரிவலக் கூட்டம். புகையையும் சத்தத்தையும் பார்த்து வழிவிட்டார்கள். ஒருவர் பக்தியோடு பக்கத்தில் வந்தார்.

“இது என்ன வேண்டுதலுங்க?”

“மானியமுங்க.”

அவர் மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அரை கிலோமீட்டர் போயிருப்பேன். வாயில் வெற்றிலையோடு பைக்கில் வந்து குறுக்கே நின்றீர்கள்.

“யோவ், எங்கய்யா ஓட்டினு போற?”

“ஊட்டுக்கு சார். கொல்லைல களை ஜாஸ்தியா கீது.”

“இது போட்டோவுக்குய்யா. மூணு மணிக்குக் கீழ்பென்னாத்தூர்ல இன்னொருத்தருக்கு இதையேதான் குடுக்கணும்.”

“அப்போ என்னோடது?”

“கம்பெனிலேர்ந்து வரும். நீ முதல்ல இத்த திருப்பு.”

உங்களுக்கு ஓட்டத் தெரியாது. நானே திருப்பினேன். மலையை வலம் போகிற அத்தனை பேருக்கும் எதிரே, தப்பான சுற்றில், ஒரு மிஷினோடு வந்தேன். “ஏன்யா, மலைய இப்பிடியா சுத்துவாங்க? குடிச்சிக்கிறியா?” என்று ஒரு அம்மா கேட்டார். கண்ணில் ஒற்றிக்கொண்ட அதே ஆள், “ஓரமா போய்யா” என்றார். மினி லாரியிலும் நான்தான் தூக்கி ஏற்றினேன். நீங்கள் தேங்க்ஸ் சொன்னீர்கள். உங்கள் கையால் எனக்கு உண்மையில் கிடைத்தது அது ஒன்றுதான்.

என் மிஷின் வரவேயில்லை. ஆறு மாதம் நடந்த பிறகு பங்குத் தொகையைத் திருப்பிக் கொடுத்தீர்கள், பெயரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மறுபடி மனு போட்டால், கம்ப்யூட்டரில் நான் ஏற்கெனவே வாங்கியவன். சாட்சிக்குப் போட்டோவில் என் பல்.

போன மாதம் என் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் தட்டை நீட்ட, போட்டோக்காரர் எதிரே நின்றார். செல்வி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“வாங்கினு ஓடிடாத. போட்டோ எடுத்துட்டுத் திருப்பிக் கேக்கப் போறாங்க.”

சம்பந்தி வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் காலையில் அவள் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறு கையால் களை வெட்டினாள். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். சுற்றிவளைக்காமல், மைக்கைப் பிடித்து, கூடியிருக்கிற அத்தனை விவசாயிகள் காதிலும் விழும்படி சொல்லுங்கள்: என் பெயரில் கொடுத்ததாக எழுதிய அந்த மிஷின் இன்றைக்கு யார் கொல்லையில் ஓடுகிறது?