மூன்று விசில் தண்ணீர்

குக்கரில் இரண்டாவது விசில் வந்தபோது ஜெயந்த் சமையலறைத் தாழ்ப்பாளை இன்னொரு முறை சரிபார்த்துக்கொண்டான். குக்கருக்குள் அரிசியும் இல்லை, பருப்பும் இல்லை. அரைக் குக்கர் தண்ணீர் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. தினமும் காலையில் மூன்று விசில் வரும்வரை அதை வேகவைத்து, பிறகு தொட்டியில் கொட்டிவிடுவான்.

அடுத்து, கரண்டியில் எண்ணெய் காயவைத்துக் கடுகைப் பொரியவிட்டு, இரண்டு கறிவேப்பிலை போட்டான். வாசனை கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்குப் போகும்படி ஒரு பழைய ஃபைல் அட்டையால் விசிறினான். கடைசியாக ஒரு தட்டைத் தரையில் நழுவவிட்டான். சமைக்கிற ஆண்பிள்ளை எதையும் கீழே போடவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

அசல் சாம்பாரும் சோறும் கத்தரிக்காய் வதக்கலும் மேடைமேல் டிபன் கேரியரில் சூடாக இருந்தன. பால் பூத்தில் வாங்கிவந்து கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது.

“ஏங்க, உள்ள வரட்டுமா? தேங்காயாவது துருவித் தாரேன்” என்றாள் வெளியிலிருந்து சுபாஷிணி. அவளுக்கு ஏழாவது மாதம்.

“நீ ஆற அமர உக்காரு சுபா. அஞ்சே நிமிஷம்.”

இந்தக் கூத்து ஒரு தொலைபேசிப் பேச்சில் தொடங்கியது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று கோவில்பட்டியிலிருந்து மாமியார் சுந்தரவல்லி சொன்னார். வளைகாப்பு முடிந்த கையோடு மகளை ரயிலேற்றிக்கொண்டு போவதாகத் திட்டம். ஜெயந்துக்கு அது பிடிக்கவில்லை. அவன் பிறந்தது மதுரையில். அப்போது அவன் அப்பா டெல்லியில் ஒரு அமைச்சகத்தில் கிளார்க். நான்கு மாதம் வரை பிள்ளையைப் புகைப்படத்தில்தான் பார்த்தார். தன் பிள்ளை முதன்முதலில் கண்ணைத் திறக்கும்போது எதிரில் தன் முகம் இருக்க வேண்டும் என்று ஜெயந்த் மனதார ஆசைப்பட்டான். சுபாஷிணிக்கும் அவனை விட்டுப் போக மனமில்லை.

ஆகவே, பிரசவம் டெல்லியிலேயே நடக்கட்டும், வீட்டு வேலை முழுவதும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டான். மாமியார் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்.

“அவ அடுப்படிப் பக்கமே போகக் கூடாது மாப்ளே. போனான்னு காதுல விழுந்துச்சு, மறு ரயில்லயே வந்து கூட்டிட்டுப் போயிருவேன்.”

ஜெயந்த் மத்திய அரசில் உதவிப் பிரிவு அதிகாரி. வாய்ச்சொல்லை உத்தரவாக மாற்றாமல் அவனுக்குத் தூக்கம் வராது. அன்றைக்கே ஒரு பட்டியல் தயாரித்து ஃபிரிட்ஜில் ஒட்டினான். பெருக்குதல், துடைத்தல், துணி, பாத்திரம், சமையல் என்று வரிசையாகப் போட்டு, எல்லாவற்றுக்கும் நேராகப் பொறுப்பு அதிகாரி ஜெயந்த், அவர் விடுப்பில் சென்றால் மாற்று அதிகாரி ஜெயந்த் என்று எழுதினான். சுபாஷிணியின் பெயருக்கு எதிரே ஒரு கோடு மட்டும் இருந்தது.

பெருக்கினான், துடைத்தான், துணி துவைத்துக் காயப்போட்டான். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவளுடைய வெள்ளைச் சுடிதார் அவனுடைய நீலச் சட்டையின் நிறத்துக்கு வந்தது தவிரப் பெரிய சேதமும் இல்லை. சமையல்தான் அவனைக் கவிழ்த்தது.

முதல் நாள் வைத்த சாம்பாரைக் கரண்டியால் எடுக்க முடியவில்லை, கத்தியால் வெட்டத்தான் முடிந்தது. இரண்டாம் நாள் ரசம் கைகழுவுகிற தண்ணீர் போல இருந்தது. சுபாஷிணி உண்மையிலேயே அதில் கைகழுவிவிட்டாள். மூன்றாம் நாள் சாப்பிட்டதும் வாந்தி எடுத்தாள். மசக்கை என்று சமாதானம் சொன்னாள் மகராசி. அவளுக்கு மசக்கை நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் சமையலறைக்குள் அவளை விட அவன் சம்மதிக்கவில்லை. வாக்கு வாக்குதான். டாக்டர் சொன்னபடி தினமும் காலையில் ஆறிலிருந்து ஏழு வரை அவள் நடக்கப் போவாள். அது ஒன்றுதான் அவளுக்கு அவன் அனுமதித்திருந்த உழைப்பு.

ஒரு வாரம் இப்படிப் போனபின், பிள்ளை பிறக்கும்போது தாய் எலும்பும் தோலுமாக நிற்பாளோ என்று அவனுக்குப் பயம் வந்துவிட்டது. ஒருநாள் காலை பால் பூத்தில் நின்றபோது, பின்னால் வரிசையில் தமிழ்க்குரல் கேட்டது. கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பெண், பெயர் தங்கம். அவன் குடியிருந்த அரசுக் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். நம்ம ஊர்ச் சாப்பாடு சமைத்துக் கொடுக்க யாராவது உண்டா என்று அவளிடம் ஜெயந்த் ரகசியமாக விசாரித்தான். அவள் சற்று யோசித்துவிட்டு, ஏற்பாடு செய்யலாம், நாளையிலிருந்து ஆறே முக்காலுக்குக் கேரியரோடு இங்கேயே வாருங்கள் என்றாள்.

மறுநாள் சுபாஷிணி முதல் கவளத்தை வாயில் வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. குழம்பைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடியும் குழம்பைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் கட்டி, தோள்கள் குலுங்கின.

“நீங்களா வச்சீங்க?”

“பின்ன? யூடியூப்ல பாத்து கத்துக்கிட்டேன். நல்லாருக்கா?”

“இதவிட நல்லா எனக்கே வைக்க வராதுங்க” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெண்டாட்டியை ஒரு குழம்பால் அழவைத்த பெருமையில் ஜெயந்த் அன்று அலுவலகத்தில் ஒரு ஃபைலைக்கூடத் தொடவில்லை.

இத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பான். ஆனால் மாமியார் தொலைபேசியில் ஒவ்வொரு தடவையும், மாப்பிள்ளை நெசமாகவே சமைக்கிறாரா என்று இழுத்து இழுத்துக் கேட்டார். அந்த இழுப்பை அடக்க, குடும்ப வாட்ஸப் குழுவில் புளிக்குழம்பின் படத்தைப் போட்டான். கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் என்று மூன்று ஊர்ச் சித்திகளும் கைதட்டினார்கள். பக்குவம் சொல்லுங்கள் மாப்பிள்ளை என்று நச்சரித்தார்கள். இணையத்தில் கிடைத்த ஒரு பக்குவத்தைப் பிரதியெடுத்துப் போட்டான். நாலு தக்காளியைப் பொடியாக நறுக்கி என்று அது தொடங்கியது.

இரண்டு நிமிடத்தில் மாமியாரிடமிருந்து குரல்செய்தி வந்தது. “படத்துல ஒரு தக்காளித் தோலுகூடக் காணுமே மாப்ளே.”

சாம்பாரில் கரைந்துவிட்டது அத்தை என்று பதில் போட்டான். அது சாம்பார் இல்லை, புளிக்குழம்பு என்பது அப்புறம்தான் அவனுக்கு நினைவு வந்தது. அடுத்த குரல்செய்தி இன்னும் சுருக்கமாக இருந்தது. வளைகாப்புக்கு வருவதாக இருந்தவர் பத்து நாள் முன்னதாகவே ரயிலேறப் போகிறாராம்.

சுந்தரவல்லி நிஜாமுதீன் ஸ்டேஷனில் வந்து இறங்கினார். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸின் இரண்டு மாடி ஏறியதில் முழங்கால் பிடித்துக்கொண்டது. அதனால் மகளோடு நடக்கப் போவதில்லை, மருமகன் சமைக்கிற அழகைச் சமையலறை வாசலில் உட்கார்ந்து பார்க்கப் போவதாக அறிவித்தார். தனியாக இருந்தால்தான் தனக்குக் கை ஓடும் என்று ஜெயந்த் மன்றாடிப் பார்த்தான். கதவைச் சாத்திக்கொள்ள மட்டும் அனுமதி கிடைத்தது. பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டார். இனி பால் பூத்துக்கு நழுவ வழியில்லை.

வழி ஒன்று பின்பக்கம் இருந்தது. சமையலறையை ஒட்டின பால்கனியில், கீழே வருகிற காய்கறி வண்டிக்காரனிடம் இறக்கிக் காய் வாங்குகிற கூடையும் கயிறும் இருந்தன. தங்கத்துக்கு ஃபோனில் விவரம் சொன்னான்.

மறுநாள் ஏழு மணிக்கு சுபாஷிணி நடந்துவிட்டு வந்து, முகம் கழுவிக்கொண்டு கூடத்தில் அமர்ந்தாள். ஜெயந்த் குக்கரில் தண்ணீரை ஏற்றிவிட்டு, பால்கனிக்குப் போய்க் கூடையை இறக்கினான். கீழே தங்கம் கேரியரை வைத்துக் கயிற்றை ஆட்டினாள். இழுத்தான். கூடை முதல் மாடியைத் தாண்டும் நேரத்தில் திடீரென்று கனத்தது.

எட்டிப் பார்த்தான். முதல் மாடி சன்ஷேடில் உட்கார்ந்திருந்த ஒரு தாட்டியான குரங்கு, கூடையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. மந்திர் மார்க் வட்டாரத்துக் குரங்குகள் மனிதனுக்குப் பயந்து பல வருடம் ஆகிறது. ஜெயந்த் மேலே இழுத்தான். அது கீழே இழுத்தது. இவன் “ஹட், ஹட்” என்று இந்தியில் அதட்ட, அது பல்லைக் காட்டியது. கேரியரின் பூட்டு கழன்றது. மேல் தட்டை எடுத்துக்கொண்டு அது சாவகாசமாகச் சோற்றைத் தின்ன ஆரம்பிக்க, இரண்டாவது தட்டுக் குழம்பு மொத்தமும் கீழ்வீட்டுப் பஞ்சாபிக்காரர் பாட்டியா காயப்போட்டிருந்த வெள்ளைக் குர்த்தாவின் மேல் இறங்கியது.

“அண்ணா, ரசத்தயாவது காப்பாத்துங்க” என்று கீழேயிருந்து தங்கம் அலறினாள்.

சமையலறைக்குள் மூன்றாவது விசிலும் முடிந்து நாலாவதும் வந்தது. அணைக்க ஆளில்லை. சுந்தரவல்லி கதவை ஒரு தள்ளுத் தள்ளினார். மாமியார் வந்த பதற்றத்தில் தாழ்ப்பாளைச் சரிபார்க்கிறேன் என்று ஆட்டி ஆட்டி அவன் கழற்றியே விட்டிருந்தான். அவர் உள்ளே வந்து அடுப்பை அணைத்து, ஆவி அடங்கக் காத்திருந்து, குக்கரைத் திறந்தார். கயிறும் கையுமாக பால்கனியிலிருந்து திரும்பிய ஜெயந்தை ஏறிட்டுப் பார்த்தார்.

“வெந்நீர் நல்லா வெந்திருக்கு மாப்ளே.”

இதற்கு மேல் ஒளிக்க அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை. கயிற்றைக் கீழே வைத்தான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். தங்கத்தை, கேரியரை, தண்ணீர்க் குக்கரை, வாசனைக்குப் பொரித்த கடுகை, ஒன்று விடாமல் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் தேய்ந்தது.

“எனக்குச் சமைக்க வரல அத்தை. எவ்வளவோ ட்ரை பண்ணிட்டேன். ஆனா சுபாவை அனுப்பிடாதீங்க. எங்கப்பா என்னை நாலு மாசம் கழிச்சுத்தான் தூக்கினார். என் குழந்தையை நான் முதல் நாளே தூக்கணும். அவ்வளவுதான் அத்தை.”

சுந்தரவல்லி முந்தானையை இழுத்துச் சொருகினார். அவருடைய கணவரும் ரயில்வேயில் எங்கோ வடக்கே இருந்தவர். சுபாஷிணி பிறந்து பேர் வைத்து, குப்புற விழுந்து, தவழ ஆரம்பித்தபிறகு ஒரு தீபாவளிக்கு வந்து பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை அவரைப் பார்த்து வீறிட்டு அழுதது. அந்த மனிதர் அன்று கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டது சுந்தரவல்லிக்கு இன்னும் மறக்கவில்லை. அவர் முகம் இளகிவிட்டது.

“சமைக்க வராட்டா என்ன, கடையில வாங்குனா என்ன? எம்பொண்ணு இந்தக் கோலத்துல அடுப்புச் சூட்டுல நிக்கக் கூடாதுன்னுதான நான் கேட்டேன். ரெண்டு மாசமா அவ அடுப்பத் தொடல. அது நெசந்தான?”

“என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்றேன் அத்தை. ஒரு தீக்குச்சி கிழிக்க விடல.”

கூடத்தில் சுபாஷிணிக்குப் பொறுக்க முடியாமல் இருமல் வந்தது.

“அப்பம் சரி. பிரசவம் இங்கனயே நடக்கட்டும். நானும் இருந்து பாத்துட்டுப் போறேன்” என்றார் சுந்தரவல்லி. ஜெயந்த் அவர் காலில் விழுந்துவிட்டான். வளைகாப்புக்கு யார் யாரை அழைப்பது என்று மாமியாரும் மருமகனும் அங்கேயே பேச ஆரம்பித்தார்கள்.

அப்போது அழைப்புமணி அடித்தது. சுபாஷிணி என்றைக்கும் இல்லாத வேகத்தில் எழுந்து கதவுக்குப் போனாள். ஆனால் ஏழு மாத வயிறு எவ்வளவு வேகத்துக்குத்தான் இடம் கொடுக்கும்? முழங்கால் வலியை மறந்து சுந்தரவல்லியே முந்திக்கொண்டு திறந்தார்.

நசுங்கிய கேரியரைக் கையில் பிடித்தபடி தங்கம் நின்றிருந்தாள். இரண்டு மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. கதவைத் திறந்த பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அண்ணனுக்கு நல்ல திட்டு விழுந்திருக்கிறது என்று அவளாகவே முடிவுகட்டிக்கொண்டாள். பிறகு அவருக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. சுபாஷிணி கண்ணைக் காட்டினாள், கையை ஆட்டினாள், உதட்டில் விரல் வைத்தாள். தங்கத்துக்கு ஒன்றும் ஏறவில்லை.

“அட, நீங்க இந்த வூட்லயா இருக்கீங்க? அம்மா, அண்ணன வையாதீங்க, ரெண்டு மாசமா விடியக்காலைல என் ரூமுக்கு வந்து, என் அடுப்புல நின்னு இவருக்கு இத்தனையும் ஆக்கிக் குடுத்தது இந்த அக்காதான். இவங்க வூட்டுக்காரரு ஆக்குறத வாயில வைக்க முடியலையாம், பாவம்.”